சாப்பாடு இறங்காத நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹாஸ்பிஸில், அதாவது குணப்படுத்த முடியாத நோயின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இருக்கும் நோயாளிகளின் வலியைப் பற்றி எழுதியிருந்தேன். மாத்திரை, ஊசி என்று கேள்விகள் வரும் என எதிர்பார்த்தால், வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றி. எல்லாக் கடிதத்திலும் பெயர்களை எடுத்துவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். இனிமேல் கீமோ வேண்டாம் என்று முடிவாகி ஹாஸ்பிஸில் சேர்த்திருக்கிறோம். வந்த புதிதில் அரைத் தட்டு சாப்பிட்டார், இப்போது நாலு ஸ்பூன் உள்ளே போனாலே பெரிய விஷயம். வேளைக்கு ஒன்றாகப் புதிது புதிதாகச் செய்து எடுத்துப்போகிறேன், ஸ்பூனைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். "மூக்கைப் பிடிச்சாவது ஊட்டு, இல்லேன்னா பட்டினியிலேயே போயிடுவார்" என்கிறான் அண்ணன். "விட்டுடுங்கம்மா" என்கிறார் நர்ஸ். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நர்ஸ் பேச்சை. அண்ணன் மேல் கோபப்படாதீர்கள், பயத்தில் பேசுகிறார். ஆனால் மூக்கைப் பிடித்து ஊட்டுவது வயிற்றுக்குப் போகுமா, மூச்சுக்குழாய்க்குள் போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

சாப்பாடு கிடைக்காமல் ஒருவர் மெலிவதும் உங்கள் அப்பா மெலிவதும் ஒன்றல்ல. நல்ல உடம்பு பட்டினி கிடந்தால் பசி எடுக்கும், உடம்பு கொழுப்பைக் கரைத்துத் தசையை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கும், மறுபடி சாப்பாடு கிடைத்தால் தேறிவிடும். முற்றிய புற்றுநோயில் நடப்பது இது இல்லை. கட்டியும், கட்டியை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவை தசையை உடைக்கின்றன, மூளையில் பசியைத் தூண்டும் பகுதியை அடக்குகின்றன, அதனால் உள்ளே போகிற உணவு சதையாக மாறுவதே இல்லை. இதற்கு மருத்துவத்தில் கேக்கெக்ஸியா என்று பெயர். 2011-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள்: 6 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழப்பது அதன் முக்கியமான அடையாளம். இதன் கடைசிப் படியில், அதாவது ஆயுள் 3 மாதத்துக்கும் குறைவு என்று டாக்டர்கள் கணிக்கிற கட்டத்தில், என்ன கொடுத்தாலும் எடை திரும்பாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அப்பா சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது, டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், அவர் சொல்லும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் "கடைசிக் கட்டம்தானே" என்று கையை விரிப்பதும் தப்பு. சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு, யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சொட்டு மருந்திலேயே சரியாகும். மலம் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வராமல் இருந்தால்தான் அதிசயம், குடல் அடைத்துக் கிடக்கும்போது யாருக்குப் பசிக்கும்? குமட்டல், வலி, மனச்சோர்வு, மெலிந்ததால் லூசாகிப்போன பல்செட், இவை எல்லாமே வாயை மூட வைக்கும். கணையப் புற்றுநோயில் செரிமான நொதி போதாமல் வயிறு உப்புவதும் உண்டு, அதற்கு நொதி மாத்திரை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் நாலு ஸ்பூன்தான் என்றால், நாலு ஸ்பூன்தான். பெரிய தட்டை எடுத்துப்போகாதீர்கள், நிறைய உணவைக் கண்டாலே வயிறு புரட்டும். சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் அளவுக்கு எடுத்துப்போங்கள், நிறையப் பேருக்குக் காலை வேளை கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும். சூடான உணவின் வாசனை குமட்டினால் ஆற வைத்தோ குளிரவைத்தோ கொடுங்கள். வாயெல்லாம் உலோகம் போலக் கசக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள். அப்புறம், எடை பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணை வைத்து இனி யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை.

கேள்வி: நான்தான் நோயாளி. வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சாப்பிடுகிறேன், அரை மணி நேரத்தில் வாந்தி. "எனக்காக ஒரு வாய்" என்று என் மனைவி கேட்கும்போது மறுக்க முடியவில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான், சார். சாப்பிட வைக்கிறவர்கள் பக்கக்கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், சாப்பிட வேண்டியவர் எழுதுவது அபூர்வம்.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள். கையில் கிண்ணம் இருக்கும்போது எதைச் சொன்னாலும் அது மறுப்பாகத்தான் கேட்கும். வேறு நேரத்தில், இருவர் மட்டும் இருக்கும்போது, உள்ளதை அப்படியே சொல்லுங்கள்: "நீ கொடுப்பதில் குறை இல்லை, சாப்பிட்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது, பசியே இல்லை, எனக்கு வேண்டும் என்றால் நானே கேட்கிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கூடவே அவர் கைக்கு வேறு வேலை கொடுங்கள். காலைப் பிடித்துவிடச் சொல்லலாம், பேப்பர் படிக்கச் சொல்லலாம், முதுகில் எண்ணெய் தடவச் சொல்லலாம். இத்தனை வருஷம் சமைத்துப் போட்டே அன்பைக் காட்டியவருக்குத் திடீரென்று அந்த வழி அடைபட்டால் என்ன செய்வதென்றே தெரியாது, அதனால்தான் ஸ்பூனோடு நிற்கிறார்.

நீங்கள் சொல்ல முடியாவிட்டால் உங்கள் டாக்டரோ நர்ஸோ சொல்லட்டும். "சாப்பாட்டுக்கு வற்புறுத்த வேண்டாம்" என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லலாம். எழுத்தில் வந்துவிட்டால் வீட்டில் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் வாந்தி என்பதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதாலோ, கீழே எங்காவது அடைப்பு இருப்பதாலோ வரலாம். முதலாவதற்கு மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்து உதவும், முழு அடைப்பாக இருந்தால் அதே மருந்து வயிற்று வலியைக் கூட்டிவிடும். அதனால் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

கேள்வி: மாமியார் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை, எதுவும் குடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆளாளுக்கு "ஒரு ட்ரிப்ஸ் கூடப் போடலையா?" என்று கேட்கிறார்கள், மருமகள் நான் வேண்டாமென்று சொல்லி நிறுத்தியது போல. தாகத்தில் தவிப்பாரோ என்று எனக்கும் மனசு கேட்கவில்லை.

பதில்: ட்ரிப்ஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் நார்மல் சலைன் என்பது தண்ணீரும் 9 கிராம் உப்பும், அதில் கலோரி பூஜ்யம். குளுக்கோஸ் என்று சொல்லி ஏற்றுகிறார்களே, அந்த 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை, கணக்குப் போட்டால் 200 கலோரிக்குள் அடங்கிவிடும். அதைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள்.

சரி, தாகம்? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் ஒரு லிட்டர் சலைன், மறு பிரிவுக்குப் பேருக்கு 100 மில்லி கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்த்துக்கொள்பவருக்கும் தெரியாது. களைப்பு, குழப்பம் போன்ற தொந்தரவுகளிலும் சரி, எத்தனை நாள் இருந்தார்கள் என்பதிலும் சரி, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பு 1994-ல் வந்த இன்னொரு சின்ன ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. கடைசிக் கட்டத்தில் இருந்த, நினைவு தெளிவாக இருந்த 32 பேரை நேரடியாகவே கேட்டுப் பதிவு செய்தார்கள். 63 சதவீதம் பேர் பசியே தெரியவில்லை என்றார்கள், 62 சதவீதம் பேருக்குத் தாகம் அறவே இல்லை அல்லது ஆரம்பத்தில் மட்டும் இருந்தது. இருந்தவர்களுக்கும் ஒரு வாய்த் தண்ணீர், ஒரு ஐஸ் துண்டு, உதட்டில் ஈரம் என்ற அளவிலேயே அது அடங்கிவிட்டது. கடைசி நாட்களில் வருவது பெரும்பாலும் வாய் உலர்வதுதான். அது நரம்பில் ஊசி குத்தித் தீருவதில்லை, வாயை நனைத்தால்தான் தீரும். எப்படி நனைப்பது என்று இன்னொரு கடிதத்துக்குப் பதிலாக விவரமாக எழுதியிருக்கிறேன், கீழே பாருங்கள்.

தளர்ந்த இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தண்ணீரை வெளியேற்றச் சக்தி இருக்காது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதால் ஏற்றிய நீர் ரத்தக் குழாயில் தங்காமல் கசிந்து கால் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும், நெஞ்சில் சளிச் சத்தம் கூடும், மூச்சு முட்டும். ஏற்கெனவே குத்திக் குத்தி நீலம் பாய்ந்த கையில் இன்னொரு ஊசி வேறு.

ட்ரிப்ஸே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாந்தி பேதியில் நீர் வற்றியவருக்கு, ரத்தத்தில் கால்சியம் ஏறியவருக்கு, மார்ஃபின் தேங்கிப் பிதற்றுகிறவருக்கு ஒன்றிரண்டு நாள் கொடுத்துப் பார்ப்பது நியாயமான வைத்தியம். நரம்பு கிடைக்காவிட்டால் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி வழியாக மெதுவாக இறக்கலாம். பலன் தெரிந்தால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்த வேண்டும், அதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு நாளாகக் கண் திறக்காத உங்கள் மாமியார் இந்த வகையில் வருவதாகத் தெரியவில்லை, இருந்தாலும் டாக்டர் வாயால் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை உங்கள் கணவரிடம் விடுங்கள். அவருடைய அம்மா, அவர் சொல்லட்டும்.

கேள்வி: சித்தப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. இப்போது கல்லீரல் முழுக்கப் பரவிய புற்றுநோய். ஐஸ்க்ரீம் கேட்கிறார். சித்தி ஒரே பிடிவாதமாக மறுக்கிறார்.

பதில்: கொடுங்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் கண் கோளாறுக்காகவும் சிறுநீரகக் கோளாறுக்காகவும் போட்ட பத்தியம் அது, இன்றைக்கு அதற்கு வேலை இல்லை. பிரிட்டனில் வாழ்வின் கடைசிக் கட்டச் சர்க்கரை நோயாளிகளுக்கான வழிகாட்டுதலே ரத்தச் சர்க்கரை 108 முதல் 270 வரை இருந்தால் போதும் என்கிறது. அதிகம் பயப்பட வேண்டியது தாழ்சர்க்கரைக்கு: சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே ஓடுகின்றன, கல்லீரலும் சரியில்லை என்றால் ஒரு ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். இந்த வாரமே டாக்டரிடம் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்ன வயதிலிருந்தே இன்சுலினில் இருக்கும் டைப் 1 நோயாளிகள் மட்டும் இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. உப்பில்லாப் பத்தியம், கொழுப்பில்லாப் பத்தியம் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பார்க்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் அப்படித்தான்: 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆயுள் குறைந்த நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது கெடுதல் ஒன்றும் கூடவில்லை, வாழ்க்கைத் தரம் சற்று நன்றாகவே இருந்தது. ஒரு மாத்திரை குறைந்தால் ஒரு வாய் ஐஸ்க்ரீமுக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 86 வயது, மறதி நோய் முற்றி யாரையும் அடையாளம் தெரியாது. சாப்பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், விழுங்குவதில்லை, இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. மூக்கில் டியூப் போடலாமா என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா "உடனே போடு, நான் வந்து பார்க்கிற வரைக்கும் அம்மா இருக்கணும்" என்கிறாள். கூட இருந்து பார்க்கிறவன் நான்.

பதில்: டியூப் போட்டால் நிமோனியா வராது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது சாப்பாடு மட்டும் இல்லை, எச்சிலும் இறங்குகிறது, வயிற்றிலிருந்து மேலே எதுக்களித்தும் வருகிறது. டியூப் இரண்டையும் தடுக்காது. முற்றிய மறதி நோயில் டியூப் உணவால் ஆயுள் கூடுவதாகவோ படுக்கைப்புண் குறைவதாகவோ நம்பகமான ஆதாரம் இல்லை, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் இதை வெளிப்படையாகவே சொல்லி, கையால் ஊட்டுவதைத்தான் பரிந்துரைத்தது. அங்கே முதியோர் இல்லங்களில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு டியூப் போடுவது 2000-க்கும் 2014-க்கும் இடையில் ஏறக்குறைய 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. இன்னொன்றும் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அது என்னவென்றே புரியாத அம்மா டியூபைப் பிடுங்குவார், மறுபடி போடுவார்கள், மறுபடி பிடுங்குவார், கடைசியில் கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். கட்டிய கையோடு படுத்திருக்கும் அம்மாவைத்தான் அக்கா வந்து பார்ப்பார்.

அப்படியானால் என்ன செய்வது? ஊட்டுவதுதான், ஆனால் அளவை மறந்துவிட்டு. கிறுகிறுப்பிலோ தூக்கத்திலோ இருக்கும்போது ஊட்டக் கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள், தலையணையை முதுகுக்குப் பின்னால் மட்டும் வைக்காமல் பக்கவாட்டிலும் முட்டுக்கொடுங்கள், முகவாய் லேசாகக் கீழே தாழ்ந்திருக்கட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். கண்ணாடி, பல்செட், காதுக் கருவி எது உண்டோ எல்லாம் போட்டிருக்கட்டும். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள், எதிரில் உட்காருங்கள், நீங்கள் நின்றால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அண்ணாந்தால் புரையேறும். டீஸ்பூனில் பாதி. ஸ்பூனால் கீழுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள், பழக்கத்தில் வாய் திறக்கும். தொண்டை ஒரு முறை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தால் வெறும் ஸ்பூனை ஒரு முறை நாக்கில் லேசாக அழுத்திப் பாருங்கள், விழுங்க வேண்டும் என்ற நினைப்பை அது சில சமயம் கிளப்பிவிடும். கூழ் பதத்தில், கொஞ்சம் குளிர்ச்சியாகவோ இனிப்பாகவோ இருந்தால் இறங்குவது சுலபம். இருமினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டாலோ அன்றைக்கு அவ்வளவுதான். முடித்த பிறகு கன்னத்துக்குள் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருங்கள். இதற்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும், மூன்று வேளையும் ஒரே ஆளால் முடியாது, ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படி ஊட்டினாலும் புரையேறலாம், நிமோனியா திரும்ப வரலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். அக்காவை வீடியோ காலில் வரவைத்து ஒரு வேளை ஊட்டுவதை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் புரியாதது அந்த முக்கால் மணி நேரத்தில் புரியும் என்று நினைக்கிறேன். முடிந்தால் சீக்கிரம் கிளம்பி வரவும் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்குத் தொண்டைப் புற்றுநோய். பசிக்கிறது என்று அழுகிறார், எச்சில்கூட இறங்கவில்லை. நடமாடுகிறார். "ஹாஸ்பிஸ் கேஸ், டியூப் எல்லாம் வேண்டாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். சரியா?

பதில்: சரியில்லை. மேலே டியூப் வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன், உங்கள் கணவருக்கு டியூப் பற்றி உடனே பேச வேண்டும். அவருக்குப் பசி இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. நடமாடுகிற, பசிக்கிற மனிதர் வெறும் அடைப்பினால் பட்டினி கிடக்கக் கூடாது. மூக்கு வழியாகவோ, வயிற்றில் சின்னத் துளை போட்டோ டியூப் வைக்கலாம், அடைப்பு உணவுக்குழாயில் என்றால் வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். தசை செயலிழக்கும் நரம்பு நோய்களிலும் இதே நியாயம்தான், அங்கே மூச்சு பலவீனமாவதற்கு முன்பே வயிற்று டியூபை முடிவு செய்வது நல்லது. நோயின் பெயரையோ சேர்ந்திருக்கும் வார்டையோ வைத்து முடிவெடுக்கக் கூடாது, பசிக்கிறதா, உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, அவர் என்ன கேட்கிறார் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பல நாளாக ஒன்றும் சாப்பிடாதவருக்கு டியூப் போட்ட முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம், மெதுவாகக் கூட்டச் சொல்லுங்கள். வேறு ஒரு டாக்டரிடம் நாளைக்கே காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வேகமாக வளரும், புரோட்டீன் பவுடர் கொடுத்தால் தேறும் என்று தம்பி தினம் ஒரு வீடியோ அனுப்புகிறான்.

பதில்: உடம்பின் எல்லா செல்லும் சர்க்கரையை எரிக்கிறது, புற்றுநோய் செல் கொஞ்சம் அதிகமாகவே எரிக்கிறது. வாயில் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் தசையை உருக்கியாவது அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும். கட்டி பட்டினி கிடக்காது, மனிதர்தான் கிடப்பார். புரோட்டீன் பவுடர் சிகிச்சை நடக்கும் காலத்தில் உதவும், இந்தக் கட்டத்தில் அவருக்குப் பிடித்தால் கொடுங்கள், மூக்கைச் சுளித்தால் டப்பாவை மூடி வையுங்கள். தம்பியை வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டு ஒரு ராத்திரி துணைக்கு வந்து படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தை நினைவில்லாமல் இருக்கிறார், வாய் திறந்தபடியே மூச்சு விடுகிறார். உதடு வெடித்து, நாக்கில் பழுப்பாக ஏதோ படிந்து, வாடை வருகிறது. சாப்பாடு ஊட்ட முடியாது, வேறு என்னதான் நான் செய்ய முடியும்?

பதில்: உங்களுக்கு வேலை நிறையவே இருக்கிறது. வாய்ப் பராமரிப்பு ஒன்றே ஒரு ஆளுக்குப் போதுமான வேலை.

தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கன்னத்துக்குக் கீழே துண்டு விரியுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான சின்ன டூத்பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நன்றாக உதறிவிட்டு, பல், ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, ஈரம் மட்டும்தான். ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்தும் இதைச் செய்யலாம். நாக்கில் படிந்ததை ஒரே தடவையில் சுரண்டி எடுக்கப் பார்த்தால் ரத்தம் வரும், நாலைந்து தடவையில் தானாக இளகும். ஸ்பாஞ்ச் குச்சி பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் ஸ்பாஞ்சை இழுத்துப் பார்த்துவிட்டு வாயில் வையுங்கள், அது கழன்று தொண்டையில் சிக்கிய சம்பவங்கள் உண்டு, அதை அவர் கடித்துக்கொண்டாலும் இழுக்காதீர்கள், தாடை தளரும் வரை பொறுத்திருங்கள். எலுமிச்சை கிளிசரின் தடவிய குச்சி வேண்டவே வேண்டாம், கொஞ்ச நேரம் ஈரமாகத் தெரிந்தாலும் வாயை இன்னும் உலர்த்திவிடும். உதட்டுக்கு லேசாக ஏதாவது மசகு தடவுங்கள், ஆக்ஸிஜன் வைத்திருந்தால் வாஸ்லின் வகையைத் தவிர்த்து நீர் சார்ந்த ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வாயால் மூச்சு விடுகிறவருக்கு இன்னும் அடிக்கடி.

வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. காபி பிரியராக இருந்தால் காபியில் நனைத்துப் பிழிந்த பிரஷால் நாக்கைத் தொடலாம், பழச்சாறும் அப்படியே, அப்புறம் நீரால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். நாக்கில் ருசி பட்டதும் சிலர் உதட்டைச் சப்புக்கொட்டுவார்கள். வெள்ளைப் படலமோ புண்ணோ தெரிந்தால் நர்ஸிடம் காட்டுங்கள்.

கேள்வி: பசி எடுக்க மருந்தே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சில நாளில் பசியைக் கிளப்பும், சில வாரத்தில் அந்தப் பலன் மங்கிவிடும், தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், தொடைத் தசை இன்னும் தளரும். ஒரு குடும்ப விழா வரைக்கும் தெம்பாக இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நான் அதைக் கொடுத்ததுண்டு. மெஜஸ்ட்ரால் பசியையும் எடையையும் கொஞ்சம் கூட்டும், கூடுவது பெரும்பாலும் கொழுப்பு, ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், கீமோ எடுத்துக்கொண்டிருந்த 124 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 2.5 மில்லிகிராம் ஓலன்சபைன் கொடுத்தபோது பசியும் எடையும் நன்றாகவே கூடின, மலிவான பழைய மாத்திரை என்பதால் டாக்டர்கள் இப்போது அதை அதிகம் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தவர்கள், கடைசி வாரங்களில் படுத்திருப்பவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தூக்கக் கலக்கமும் வரும். மருந்து கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: பசி இல்லாதது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதா, பார்க்கிற உங்களுக்கா? அவருக்கு என்றால் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: அவர் எதிரில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிடலாமா? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. எல்லோரும் வராந்தாவில் ஒளிந்து ஒளிந்து சாப்பிடுகிறோம்.

பதில்: அவரையே கேளுங்கள். வாசனை குமட்டுகிறது என்றால் வெளியே சாப்பிடுங்கள், அதில் ஒளிவதற்கு ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்றால் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், எப்போதும் பேசுகிற கதையைப் பேசுங்கள், பலருக்கு அது பிடிக்கும். அவருக்கும் ஒரு சின்னத் தட்டு வைக்கலாம், தொடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். ராத்திரி கண்விழிக்கிறவர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வார்டில் மயங்கி விழுகிறவர் பல நேரம் நோயாளி இல்லை, கூட இருப்பவர்தான்.